பதினாலாம் நம்பர் காட்டுக்குப் போன செய்தி

ஜூலை 1, திங்கள்

புது சர்வர் வந்து சேர்ந்தது. பொள்ளாச்சி பஸ்ஸின் மேல்கூரையில், தார்ப்பாயில் சுற்றி, இரண்டு வாழைத்தார்களுக்கு நடுவில் பயணம். பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. திறந்து ஊதித் துடைத்து மின்சாரம் கொடுத்தேன். உயிர் இருக்கிறது.

அறக்கட்டளைச் செயலாளர் சிவசைலம் போனில் கேட்டார். "ஞானதுரை, ஒரு வாரத்துல எல்லாத்தையும் இதுக்கு மாத்திடலாமா?" மாற்றிவிடலாம் என்றேன். பழைய பெட்டி எட்டு வருடமாக ஓடுகிறது. மழைக்காலம் வந்தால் என்னைப் போலவே அதற்கும் இருமல்.

நாளைக்கு நான் போனபிறகு யாராவது இந்த நோட்டைப் புரட்டினால், இந்த ஆள் இங்கே என்னதான் செய்தான் என்று தெரிய வேண்டும் அல்லவா, அதற்காக எழுதிவைக்கிறேன். யானைக்கூட்டம் எங்கே நிற்கிறது என்று வனத்தில் சுற்றும் காவலர் காளியன் எனக்குப் போன் செய்வார். நான் அதை இரண்டு வரியில் தட்டுவேன். லினக்ஸ் சர்வர் அதை வாங்கி, மோடத்தில் செருகியிருக்கும் சிம் வழியாகத் தொழிலாளர்களின் கைபேசிக்கு அனுப்பும். எஸ்டேட்டில் காடு என்றால் வனம் அல்ல. தேயிலைக் கொழுந்து எடுக்கும் பகுதிக்கே காடு என்றுதான் பெயர். நம்பர் போட்டுப் பிரித்திருக்கிறார்கள். காட்டுக்கு ஒரு ஆள் செய்தியைப் படித்து, கூட வேலை செய்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

யாரும் பதில் போடுவதில்லை, ஒருவரைத் தவிர. கீழ்ப்பிரிவு, பதினாலாம் நம்பர் காடு, பெயர் பவுன்தாய். எந்தச் செய்தி போனாலும் இரண்டு நிமிடத்தில் "சரிங்க" என்று ஒரு வார்த்தை வரும். நான் அவரைப் பார்த்ததில்லை. குரலைக் கேட்டதில்லை. பெங்களூரில் மகனோடு இருக்கும் என் மனைவி ஜெமிலா ஞாயிற்றுக்கிழமைதான் பேசுவாள். "மழை முடியட்டும், வரேன்" என்று சொல்லி இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. மற்ற நாட்களில் எனக்கு வரும் வார்த்தை இந்த "சரிங்க" மட்டும்தான். ஒரு தகவலுக்காக எழுதினேன், வேறொன்றுமில்லை.

ஜூலை 2, செவ்வாய்

முதலில் கீழ்ப்பிரிவை மட்டும் புது சர்வருக்கு மாற்றினேன். ஒரு வாரம் ஒழுங்காக ஓடினால் மற்றதையும் மாற்றலாம்.

விதிகளை அப்படியே எடுத்து ஒட்டினேன். அதில் ஒன்று, இரவு பத்து முதல் காலை ஆறு வரை வரும் செய்திகளை அனுப்பாதே, வரிசையில் நிறுத்திவைத்து ஆறு அடித்ததும் அனுப்பு என்பது. தூக்கம் கெடுகிறது என்று தொழிலாளர் குடியிருப்பில் சண்டைக்கு வந்தபோது நானே எழுதிய விதி. அவசரம் என்று குறித்தால் மட்டும் உடனே போகும்.

பிற்பகல் மூன்று மணிக்குச் சோதனைச் செய்தி அனுப்பினேன். போனது. பவுன்தாயிடமிருந்து "சரிங்க". சோதனைக்கும் ஒரு சரிங்க! சிரித்துக்கொண்டே காபி போட்டேன்.

கடிகாரம், பேக்கப், இன்னும் இரண்டு சில்லறை வேலைகள் பாக்கி. நாளை பார்க்கலாம்.

ஜூலை 3, புதன்

மழை. யானை இல்லை. மூன்று வேளையும் உப்புமா.

ஜூலை 4, வியாழன்

யு.பி.எஸ். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினேன். சட்டையில் இரண்டு ஓட்டை, ஆசிட் வேலை. ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டும் சாரல் உள்ளே வருகிறது. சர்வரை நகர்த்தி, சாரல் அடித்த இடத்தில் என் கட்டிலைப் போட்டேன்.

ஜூலை 5, வெள்ளி

காலை ஆறு பத்துக்குக் காளியன். "சார், பதினாலாம் நம்பர் காட்டுக்குள்ள, சதுப்பு ஓரமா நிக்குது. குட்டியோட அஞ்சு. ஆளுங்கள மஸ்டர்லயே நிறுத்தச் சொல்லுங்க." மஸ்டர் என்பது காலையில் பெயர் கொடுக்கும் கொட்டகை. செய்தி வந்தால் சூப்பர்வைசர் யாரையும் அங்கிருந்து விடமாட்டார். உடனே தட்டி அனுப்பினேன். ஆறு தாண்டிவிட்டதால் அவசரம் என்று குறிக்கவில்லை.

பதில் வரவில்லை. ரீசார்ஜ் தீர்ந்திருக்கும் என்று நினைத்தேன். ஆறரைக்கு ஒருமுறை பார்த்தேன், ஏழுக்கு ஒருமுறை. அப்புறம் துணி துவைக்கப் போனேன்.

(மாலை) எட்டரைக்குத் தகவல் வந்தது. ஏழு இருபதுக்குப் பதினாலாம் நம்பர் காட்டில் யானை தாக்கி ஒரு வடநாட்டுப் பெண் இறந்துவிட்டாள். பவுன்தாய்தான் பதினோரு பேரை உள்ளே அழைத்துக்கொண்டு போனாராம். ஓடிய ஓட்டத்தில் அவருடைய கைபேசி எங்கோ விழுந்துவிட்டது.

சர்வர் அறைக்குப் போய் உட்கார்ந்தேன். பதினொன்றரைக்கு மோடத்தின் பச்சை விளக்கு ஒருமுறை மின்னி அணைந்தது. பிறகு லாக்கை, அதாவது சர்வர் தானே எழுதிவைக்கும் பதிவைப் பார்த்தேன். அனுப்பிய நேரம் 06:00.

ஜூலை 6, சனி

சிவசைலம் அறிக்கை கேட்டார். எடுத்து அனுப்பினேன். எங்கள் அறிக்கையில் எப்போதும் மூன்று விவரம்தான். காடு, கைபேசி எண், அனுப்பிய நேரம். நான் புதிதாக எதையும் சேர்க்கவும் இல்லை, நீக்கவும் இல்லை.

அரைமணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டார். குரலில் நிம்மதி. "கரெக்டா ஆறு மணிக்குப் போயிருக்கே! நம்ம பக்கம் ஒண்ணும் இல்ல. அந்தம்மாதான் பாக்காம விட்டிருக்காங்க."

நான் ம் என்றேன். ஒரே ஓர் எழுத்துதான்.

ஜூலை 7, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். ஆராதனையில் பாவ அறிக்கை வந்தபோது உதட்டை மட்டும் அசைத்தேன்.

ஜெமிலா பேசினாள். பேரனுக்குப் பல் முளைத்திருக்கிறது. "அங்க ஏதோ யானை அடிச்சிடுச்சாமே, நியூஸ்ல போட்டான். நீங்க வெளிய போகாதீங்க" என்றாள். "நான் எங்க போறேன்" என்றேன். சொல்லியிருக்கலாம். அவளிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? ஆனால் அதற்குள் குழந்தை அழுதது, போனை வைத்துவிட்டாள்.

திரும்பி வந்து சர்வரின் கடிகாரத்தைச் சரிசெய்தேன். ஒரே ஒரு கட்டளை. அரை நொடி கூட ஆகவில்லை.

இதையும் எழுதிவிடுகிறேன். புது லினக்ஸ் சர்வர் வரும்போது அதன் கடிகாரம் லண்டன் பக்கத்துக் கிரீன்விச் நேரத்தில் இருக்கும். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். வாங்கியவன்தான் மாற்ற வேண்டும். எட்டு வருடத்துக்கு முன் பழைய பெட்டிக்கு மாற்றினேன், அப்புறம் மறந்தே போனேன். வெள்ளிக்கிழமை காலை இங்கே ஆறு பன்னிரண்டு என்றால் சர்வருக்கு நள்ளிரவு தாண்டி நாற்பத்திரண்டு நிமிடம். ராத்திரி என்று நினைத்துச் செய்தியை நிறுத்திவைத்தது. அதற்கு ஆறு மணி அடித்தபோது நமக்குப் பதினொன்றரை. அந்த ஆறு மணிதான் அறிக்கையில் இருக்கிறது.

பவுன்தாய்க்குச் செய்தி வரவே இல்லை.

ஜூலை 9, செவ்வாய்

காளியன் நேரில் வந்தார். காலில் அட்டைகள். உப்பு கொடுத்தேன். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை, வாசலிலேயே நின்றார்.

"வெள்ளிக்கிழமை விசாரணை சார். மேனேஜர் கூப்பிட்டிருக்காரு. பவுன்தாயக்கா பாத்துட்டும் சொல்லலன்னு முடிவாயிட்டா வேலையும் போயிரும், வீட்டையும் காலி பண்ணச் சொல்லிருவாங்க. புருசனும் இல்ல. எங்க போவாங்க?"

"அவங்க என்ன சொல்றாங்க?"

"மெசேஜ் வரல, வரலன்னு ஒரே சொல்லுதான். யாரு நம்பறா? தண்ணிக் குழாய்ல அவங்க வந்தா எல்லாரும் குடத்த எடுத்துட்டு ஒதுங்கிடறாங்க. அந்த வடநாட்டு ஆளுங்க உடம்ப எடுத்துட்டு ஊருக்குப் போறப்ப அக்கா காலடியில துப்பிட்டுப் போனாங்க சார்."

நான் உப்பு டப்பாவை மூடினேன்.

"சார், நான் உங்களுக்குக் கூப்பிட்டப்ப மணி என்ன இருக்கும்? வெளிச்சம் வந்த நேரம். ஆறுக்கு மேலதானே?"

"இருக்கும்" என்றேன்.

"அப்ப எப்படி சார் ஆறு மணிக்கே மெசேஜ் போயிருக்கும்?"

காளியன் பள்ளிக்கூடமே போகாதவர். அறிக்கையைப் பார்த்த படித்தவர்கள் யாருக்கும் தோன்றாத கேள்வி. பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். அவர் போன பிறகு என் கைபேசியில் பார்த்தேன். வெள்ளி, காலை 6:10, காளியன். அப்படியே இருக்கிறது.

ஜூலை 10, புதன்

சாப்பிடவில்லை. பசிக்கவும் இல்லை.

ஜூலை 11, வியாழன்

சிவசைலம் காரில் வந்தார். நல்ல மனிதர். எட்டு வருடத்துக்கு முன் யாரும் நம்பாத காலத்தில் வீடு வீடாகப் போய் நம்பர் வாங்கி இந்தச் சேவையைத் தொடங்கியவர். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடிகாரம், விதி, பதினொன்றரை, என் கைபேசியில் இருக்கும் அழைப்பு. பெஞ்சில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. காளியனுக்கு ஒரு சந்தேகம்."

"நாளைக்கு நீங்க இத சொன்னீங்கன்னா என்ன ஆகும், யோசிச்சீங்களா? மெஷின் தப்பு பண்ணும்னு ஒரு தடவ ஜனங்க மனசுல விழுந்துட்டா அப்புறம் ஒருத்தனும் மெசேஜ பாக்க மாட்டான். நானூறு பேரு ஞானதுரை. எட்டு வருசத்துல எத்தன உயிரு தப்பிச்சிருக்கு! அந்தம்மாவுக்கு வேற எஸ்டேட்ல நானே வேல வாங்கித் தரேன். வீடும் பாத்துத் தரேன்."

அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் கொடுமை. கெட்டவர் யாராவது வந்து பொய் சொல்லச் சொன்னால் மறுப்பது சுலபம்.

கிளம்பும்போது கேட்டார். "எப்ப தெரிஞ்சுது உங்களுக்கு?"

"ஞாயித்துக்கிழம."

அவரிடம் பொய் சொன்னேன். இங்கேயும் அப்படித் தோன்றும்படிதான் எழுதிவைத்திருக்கிறேன், மேலே இருக்கிறது. இப்போது திருத்துகிறேன். வெள்ளிக்கிழமை எட்டே முக்காலுக்கே தெரியும். அறைக்குள் ஓடிப்போய்ப் பார்த்தபோது செய்தி வரிசையில் நின்றுகொண்டிருந்தது, போகாமல். என்ன நடந்திருக்கிறது என்று அந்த நிமிடமே விளங்கிவிட்டது. யாரையாவது கூப்பிட்டு, இதோ பாருங்கள், போகவே இல்லை என்று காட்டியிருக்கலாம். காட்டவில்லை. பதினொன்றரை வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போகட்டும் என்றுதான் காத்திருந்தேன். போனால் ஆறு மணி என்று எழுதிக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியும்.

இதை எழுதுவதற்குள் இரண்டு தடவை பேனாவை வைத்துவிட்டேன். எனக்கு என்னைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஜூலை 12, வெள்ளி

எஸ்டேட் ஆபீஸ். மேனேஜர், வன இலாகாவிலிருந்து ஒருவர், சிவசைலம், சூப்பர்வைசர். சுவரோரம் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். ஒல்லியாக, முழங்கையில் கட்டுப் போட்டு, நரைத்த தலையை இழுத்துக் கொண்டை போட்டிருந்தார். அவருக்கு நாற்காலி இல்லை. எனக்கு இருந்தது.

மேனேஜர் அறிக்கையை எடுத்து அவர் முன்னால் நீட்டினார். "ஆறு மணின்னு போட்டிருக்கு. மெஷின் பொய் சொல்லுமா?"

"மெஷின் என்ன சொல்லுதோ எனக்குத் தெரியாதுங்க. எனக்கு வரல. வந்திருந்தா நான் ஏன் கூட்டிட்டுப் போறேன்? என் உசுரும்தானே அங்க போயிருக்கும்."

நான் எழுந்தேன். சிவசைலம் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

சொன்னேன். அந்த ஆறு மணி நம் ஆறு மணி இல்லை, லண்டன் பக்கத்து நேரம் என்றதும் மேனேஜர் கத்தினார். "லண்டன் நேரத்துக்கும் என் எஸ்டேட்டுக்கும் என்னய்யா சம்பந்தம்?" ஒரு சம்பந்தமும் இல்லை, நான் மாற்றாமல் விட்டதுதான் சம்பந்தம் என்றேன். கைபேசியை மேசையில் வைத்துக் காளியனின் அழைப்பைக் காட்டினேன். எட்டே முக்கால் கதையையும் சொன்னேன். சூப்பர்வைசர் உச்சுக் கொட்டினார்.

பவுன்தாய் மீது தவறில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். வன இலாகாக்காரர் என் வாக்குமூலத்தைத் தனியாக எழுதி வாங்கிக்கொண்டார். மேற்கொண்டு கூப்பிடுவார்களாம். வெளியே வந்ததும் சிவசைலம் கேட்டார். "மாசக் கடைசிக்குள்ள யாருக்காவது கத்துக் குடுத்துட்டுப் போக முடியுமா?" முடியும் என்றேன். அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

பவுன்தாய் என்னைத் தாண்டிப் போனார். நிற்கவில்லை.

ஜூலை 13, சனி

பழைய சர்வருக்கே கீழ்ப்பிரிவைத் திருப்பினேன். காலை ஆறேகாலுக்கு ஒரு செய்தி போனது, மேல்பிரிவுக்கு. பதில் ஏதும் இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை என்று எழுத வந்தேன். எதிர்பார்த்தேன்.

ஜூலை 14, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. கீழ்ப்பிரிவுக்கு நடந்தேன், நாலு கிலோமீட்டர், குடையோடு. தொழிலாளர் லைன் வீடுகளில் கடைசி வீடு. பவுன்தாய் வாசலில் விறகை உலர்த்திக்கொண்டிருந்தார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. கூரைத் தகரத்தின் கீழே ஒதுங்கி நின்றேன்.

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று வழி நெடுக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். வந்து விழுந்தது வேறு. "நீங்க ஒருத்தர்தான் எனக்குப் பதில் போடுவீங்க" என்றேன்.

விறகைத் திருப்பிப்போட்டுக்கொண்டே பேசினார். "பதில் போடலன்னா லிஸ்ட்ல இருந்து எடுத்துருவாங்கன்னு சூப்பர்வைசர் சொன்னாரு. அதான் போட்டேன். அந்தப் பக்கம் ஆளு இருக்குன்னே எனக்குத் தெரியாது."

சரி என்றேன்.

"அந்தப் புள்ள பேரு தெரியுமா சார் உங்களுக்கு?"

தெரியவில்லை. பத்து நாள் ஆகிறது, கேட்கவே தோன்றவில்லை. இந்த நோட்டில் வடநாட்டுப் பெண் என்று எழுதியிருக்கிறேன்.

"புத்னி. புத்னி ஓராவ். ஊரு ஜார்க்கண்டு. இருபத்திரண்டு வயசு. எனக்கு இந்தி பேசக் கத்துக்குடுத்ததே அவதான்." எழுந்து முந்தானையில் கையைத் துடைத்தார். "ஆபீசுல எழுதிக் குடுத்துட்டாங்க. அது இங்க இருக்கறவங்களுக்கு. அவ அம்மா இன்னும் நான்தான் தெரிஞ்சே கூட்டிட்டுப் போயிட்டேன்னு நினைச்சிட்டிருக்கு. நீங்க சொல்லுங்க."

"யாரையாவது இந்தியில எழுதச் சொல்லி ஒரு மெசேஜ் அனுப்பிடறேன்" என்றேன்.

"மெசேஜ் வேணாம் சார். பேசுங்க."

கதவுக்குப் பக்கத்தில் சுவரில் கரியால் எண் எழுதியிருந்தது. என் கைபேசியில் அடித்தேன். நெடுநேரம் மணி போனது. ஒரு பெண் குரல் எடுத்தது. பவுன்தாய் முதலில் பேசினார். அந்தப் பக்கம் குரல் உயர்ந்தது, திட்டுகிறார் என்று மொழி தெரியாமலே தெரிந்தது. பவுன்தாய் தலை குனிந்து கேட்டுக்கொண்டார். பிறகு கைபேசியை இருவருக்கும் நடுவில் பிடித்து என்னைப் பார்த்தார்.

நான் ஒவ்வொரு வரியாகச் சொன்னேன், அவர் இந்தியில் சொன்னார். செய்தி அனுப்புகிறவன் நான். யானை நிற்கிறது என்று எனக்குத் தெரியும். என் தவறால் அது போய்ச் சேரவில்லை. பவுன்தாய்க்குத் தெரியாது. அதை நான் மறைக்கவும் பார்த்தேன். புத்னி சாவுக்கு நான்தான் பொறுப்பு.

கடைசி வரியைச் சொல்லும்போது பவுன்தாயின் குரல் உடைந்தது. எனக்கும் அழுகை வந்தது, அடக்கவில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. எங்கோ ஒரு கோழி கத்தியது.

பிறகு அந்தத் தாய் ஏதோ சின்னதாகக் கேட்டார். பவுன்தாய் உடனே பதில் சொன்னார், நாலைந்து வார்த்தை. அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

"என்ன கேட்டாங்க?"

"அன்னிக்குக் காலையில அவ சாப்டுட்டுப் போனாளான்னு கேட்டாங்க."

"நீங்க?"

"ரெண்டு ரொட்டி சாப்டான்னு சொன்னேன்."

"சாப்பிட்டாளா?"

கைபேசியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"இல்ல சார். மெசேஜ் வந்தா மஸ்டர்ல உக்காந்து சாப்புடுவோம். அன்னிக்கு வரல இல்லையா, வெள்ளனவே கெளம்பிட்டோம்."